ஹானாவுக்குப் போகும் வழி

ஹவாய்த் தீவுகளில் இரண்டாவது பெரியது மௌயி. அங்குள்ள கஹுலுயி நகரிலிருந்து கிழக்குக் கரையில் இருக்கும் ஹானா என்ற சிற்றூருக்கு 84 கிலோமீட்டர். ‘ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே’ என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். வழியில் சுமார் 620 வளைவுகள், 59 பாலங்கள். அவற்றில் 46 ஒற்றை வழிப் பாலங்கள். எதிரே வண்டி வந்தால் ஒருவர் நின்று வழிவிட்டாக வேண்டும்.

ஒரு பக்கம் ஹாலியாக்காலா எரிமலையின் பச்சைச் சரிவு, மறுபக்கம் கீழே பசிபிக் கடல். வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் இதைப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. அதனால்தான் குடும்பமாக வருகிறவர்கள் பலர், டிரைவரும் கைடுமான உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டு தனி வேனில் போகிறார்கள். செலவு கூடுதல்தான், ஆனால் அப்பாவும் ஜன்னல் வழியே அருவி பார்க்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உள்ளூர் கைடால் கிடைக்கும் இன்னொரு லாபம், வம்பில்லாமல் போய் வரலாம். சுற்றுலாப் பயணிக்கு இது வேடிக்கை பார்க்கும் சாலை. ஹானாக்காரருக்கோ வேலைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி இதுதான். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களைக் கண்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? விவரம் தெரிந்த கைடு, பின்னால் உள்ளூர் வண்டி வருவது கண்ணாடியில் தெரிந்ததும் ஓரம்கட்டி வழிவிட்டுவிடுவார். அவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். வயதில் மூத்தவர்களை அங்கேயும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது!

அருவி விஷயத்திலும் அவர் பேச்சைக் கேட்பது உத்தமம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை வெள்ளமாக்கிவிடும். ‘இன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம்’ என்று அவர் சொன்னால், பிள்ளைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும் இறங்கக் கூடாது.

பாதி வழியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது கேஆனே. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான நிலம். 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த சுனாமி இந்தக் கிராமத்தைத் துடைத்துக்கொண்டு போனது. 1860-இல் எரிமலைக் கல்லால் கட்டிய தேவாலயம் மட்டும் நின்றது, இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தேங்கிய வயல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நெல் வயலோ என்று தோன்றும். கிட்டே போனால் அகன்ற இலைகள். நம் சேம்பு இனம்தான்!

ஹவாய் மக்களுக்கு அது வெறும் கிழங்கு இல்லை. மனிதனுக்கு முன் பிறந்த அண்ணன் என்பது அவர்களுடைய புராணம். வேகவைத்து, இடித்துக் கூழாக்கிய ‘போய்’தான் அவர்களின் பாரம்பரிய உணவு. இந்தப் பயிருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிச் சூடானால் கிழங்கு அழுகிவிடும். அங்கேதான் வந்தது சிக்கல். 1870-களில் தொடங்கி, இந்த மலை ஓடைகளின் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் தீவின் நடுவிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். ஓடைகள் வற்றின, சேம்பு வயல்கள் சுருங்கின. விவசாயிகள் பல வருடங்கள் வழக்காடினார்கள். 2016-இல் தீவின் கடைசிக் கரும்பாலை மூடப்பட்டது. 2018-இல் மாநில நீர்வள ஆணையம், பல ஓடைகளில் பழையபடி தண்ணீரை விடும்படி உத்தரவிட்டது. இது தெரியாமல் போனால் கேஆனே ஒரு ‘வியூ பாயின்ட்’, அவ்வளவுதான். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

ஹானாவை நெருங்கும்போது வைஆனபானபா பூங்கா. கரிய மணல், வெள்ளை நுரை, நீலக் கடல். வெளியூர்க்காரர்கள் 2021 முதல் முன்பதிவு செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஹானா ஊரில் பார்க்க அதிகமில்லை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி கிபஹுலு. அட்லான்டிக் கடலை 1927-இல் தனியாக, எங்கும் நிற்காமல் விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இங்கே ஒரு சின்னத் தேவாலயத்தின் பின்னால் அடக்கமாகியிருக்கிறார். 1974-இல், பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் நியூயார்க் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, கடைசி நாட்களைக் கழிக்க இந்த மூலைக்கு வந்துவிட்டார். கல்லறைக்கு அந்தப் பக்கம் கடல்தான்.

திரும்பும் வழியில் சாயங்காலம் ஹோஓகிபா கடற்கரையில் இறங்கினால், பச்சை ஆமைகள் மெல்லக் கரையேறி மணலில் படுப்பதைப் பார்க்கலாம். மூன்று மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கைடு சொல்லும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.