தகரமும் துப்பாக்கியும்

"அம்மா, பத்தாயிரத்துக்குள்ள நல்ல ரைபிள் கிடைக்குமா?"

அவள் இப்படிக் கேட்டபோது நான் குறிஞ்சித்திணை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவி. ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சிற்றூர். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். தமிழாசிரியையிடம் மாணவிகள் கவிதை கொண்டுவந்து காட்டுவார்கள், காதலைச் சொல்லி அழுவார்கள், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் புகார் சொல்வார்கள். பதினெட்டு வருடத்தில் துப்பாக்கி விலை கேட்டவள் இவள் ஒருத்திதான்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் தேசிய மாணவர் படைப் பெண்களைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். பொறுப்பாசிரியை பேறுகால விடுப்பில் இருந்ததால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே கொடுப்பது .22 ரக போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். பக்கத்துக் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு தெறித்து விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்தது ஏறும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இத்தனையும் செய்தாக வேண்டும். அவசரக்காரர்களுக்கான கருவி இல்லை அது.

குப்புறப் படுத்துச் சுட வேண்டும். ஆண்கள் பின்னால் நிற்க, மண்ணில் காலை அகட்டிப் படுக்கச் சொன்னதும் எங்கள் பெண்கள் சட்டையைக் கீழே கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பயிற்சியாளர் நல்லவர். ஆனால் மார்புள்ள உடம்பு எப்படிப் படுத்தால் முழங்கை சரியாக ஊன்றும் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார். கட்டையின் நீளமும் ஆண் கைக்கு வைத்தது. முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை உள்ள நீளத்துக்குப் பின்கட்டை பொருந்தினால்தான் விசை விரலுக்கு எட்டும். பாதிப் பேருக்கு எட்டவில்லை. தோளிலிருந்து கட்டையை நகர்த்திச் சுட்டு, கன்னத்தில் இடி வாங்கினார்கள்.

இவள் மட்டும் மூச்சை விட்டு, நிறுத்தி, விரலை மெல்ல அழுத்தினாள். 25 கெஜத் தொலைவில் இருந்த தாளில் ஐந்து ஓட்டைகள். ஒரு பொட்டுப் பாக்கெட்டால் ஐந்தையும் மூடிவிடலாம். எல்லாம் நடுவட்டத்துக்கு இடப்புறம் தள்ளித்தான் இருந்தன. பயிற்சியாளருக்கு அது பெரிதாகப் படவில்லை. "நடுவுல படலைன்னா குறிமுள்ளைத் திருப்பிச் சரி பண்ணிடலாம். ஐந்தும் ஒரே இடத்துல விழுதே, அதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார்.

நானும் ஐந்து சுட்டேன். இரண்டு தாளிலேயே படவில்லை.

அவள் கேட்ட ரைபிளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. போட்டிக்குப் பழக வேண்டும். வீட்டில் பன்றியையும் சுட வேண்டும். "ரெண்டுக்கும் ஒண்ணே போதும்மா." விடைத்தாள்களை ஓரம் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்து தேடத் தொடங்கினோம்.

இந்தியாவில் சாதாரண ஆள் உரிமத்தோடு வாங்கக்கூடிய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் பெயர் பெற்றது .315. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது. வெள்ளைக்காரர் ராணுவம் .303 வைத்திருந்தது. அந்தத் தோட்டா குடிமக்கள் துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே வேறு அளவில் வந்த துப்பாக்கி இது. ஆள் போய்விட்டான், அளவு இருக்கிறது. இதன் குண்டு பன்றியைச் சாய்க்கும். ஆனால் தாளில் ஓட்டை போட்டுப் பழக இதை எடுப்பது, கொசு அடிக்க உலக்கையை எடுப்பது மாதிரி. தோளும் தாங்காது, தோட்டா விலையும் தாங்காது. துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டாதான் ஆயுள் செலவு என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது. .22 பழகுவதற்கு அருமையானது. பன்றி மேல் பட்டாலோ, அது காயத்தோடு ஓடி நாலு நாள் கழித்து எங்கோ சாகும்.

இதெல்லாம் கருவியைப் பற்றிய கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவை எடுத்துப் படித்தோம். பயிரைக் காக்க உண்மையிலேயே வேண்டியவருக்கு, வாய்வழியே மருந்து இடித்துப் போடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று ஓர் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவு, அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினர் குறி பார்த்துச் சுட .22 ரைபிளோ காற்று ரைபிளோ வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

அவள் இரண்டையும் வாசித்துவிட்டு, "மொதல்ல இருக்கிறது எங்கப்பா, ரெண்டாவது நானு" என்றாள்.

அப்பாவிடம் இருந்தது அந்த முதல் உட்பிரிவுத் துப்பாக்கிதான், உரிமம் மட்டும் இல்லை. ஜவ்வாதுமலையில் நாட்டுத் துப்பாக்கி பல வீடுகளில் இருந்த பொருள். போலீஸ் அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்லும்: தாமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டால் வழக்கு இல்லை. அப்படி ஒரு முறை சொன்னபோது அவரும் விடியுமுன் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் சாத்திவிட்டு வந்திருக்கிறார்.

புரட்டாசிக் கடைசியில் அவள் ஊருக்குப் போனேன். சாமை கதிர் பிடித்திருந்தது. நிலத்தின் மேட்டில் நாலு கால் நட்ட பரண். அதன் மேல் ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஓட்டை விழுந்த எண்ணெய்த் தகரம், அதைத் தட்ட ஒரு கட்டை. எல்லாம் அம்மாவுடையவை.

"துப்பாக்கி இருந்தப்ப அவரு காவலுக்குப் போவாரு டீச்சரு. துப்பாக்கி போச்சா, காவல் எனக்கு வந்துடுச்சி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பரணின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தினைப்புனம் காக்கும் தலைவியைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். தட்டை, குளிர், கவண் என்று கருவிகளின் பெயரைச் சொல்லி இரண்டு மதிப்பெண் வினா எடுக்கிறேன். பகலில் கிளி கடிய அவள், இரவில் பன்றியும் யானையும் விரட்ட ஆண்கள் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஆயுதம் இருக்கும்வரை காவல் வீரம். ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டால் அதே காவல் வீட்டு வேலையாகிப் பெண் தலையில் இறங்கும் என்பது எந்த உரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பகலெல்லாம் களை, அடுப்பு, தண்ணீர். இரவெல்லாம் தகரம். எப்போது தூங்குவீர்கள் என்றேன். "பன்னி தூங்கறப்ப" என்று சிரித்தார்.

மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. நட்சத்திரம் பார்க்க இந்த மலையின் இருட்டு வேண்டும். பன்றி பார்க்கிற இவருக்கு டார்ச்சுக்கு பேட்டரி வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இவர்கள் நிலத்திலிருந்து பார்த்தால் காடு கூப்பிடு தூரம். விவசாயியையும் விலங்கையும் சேர்த்து யோசித்த ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காட்டுக்குள்ளேயே ஊர் இருப்பவர்களுக்கு அதில் தகரம்தான் மிச்சம்.

மகளின் ரைபிள் ஆசையை அம்மா ஏற்கவில்லை. பன்றிக்காகவும் வேண்டாம் என்றார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இந்த மலையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. "அன்னிக்கு எந்த ஊட்டுலயும் அடுப்பு எரியல. துப்பாக்கி நம்ம கையில இருந்தாலும் நம்மளத்தான் பாக்கும்" என்றார். வாதிட என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் மகள் கேட்பது சாவை இல்லை. அவள் கைப்பேசியின் முகப்பில் இளவேனில் வாலறிவன் படம். கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வாங்கியவர். அந்தப் படத்தில் இருக்கும் விறைத்த மேலங்கியும் காலணியுமே தனி விலை. ரைபிள் இரண்டு, மூன்று லட்சம். பெண்ணுக்கென்றே அரசு செய்த துப்பாக்கி ஒன்றும் உண்டு. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014இல், கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று கைப்பைக்குள் அடங்கும் அரைக் கிலோ ரிவால்வரை வெளியிட்டது. அப்போது விலை 1,22,360 ரூபாய். எந்தப் பெண்ணின் கைப்பையை மனத்தில் வைத்துச் செய்தார்களோ.

ஒரு ரைபிள் சங்கத்துக்குத் தொலைபேசினேன். "பையனுக்கா மேடம்?" என்றுதான் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணத்தைச் சொன்னதும் அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். 21 வயது ஆகாமல் உரிமம் கேட்கவும் முடியாது. அவளுக்கு இருபது.

மிஞ்சியது ஒன்றுதான். குறைந்த விசையில் இயங்கும் .177 காற்றுத் துப்பாக்கிக்கு இப்போது உரிமம் தேவையில்லை. உள்நாட்டில் செய்தது அவள் சேர்த்து வைத்திருந்த பணத்துக்குள் கிடைத்தது. கடைக்குத் துணைக்கு வந்த என் தம்பிக்குத் துப்பாக்கியில் முனை எது, கட்டை எது என்றே தெரியாது. கடைக்காரர் எல்லா விளக்கத்தையும் அவனுக்கே சொன்னார். அவள் மூன்றையும் எடுத்து முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தாள். விலை அதிகமானதை வைத்துவிட்டு, கட்டை குட்டையாக இருந்ததை எடுத்தாள். ஒரே வருத்தம், அதில் போல்ட் இல்லை. ஒவ்வொரு முறையும் குழலை மடக்கித்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவது முறை மடக்கும்போதே கை நடுங்கும்.

செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு சேர்த்து அவன் நாய்க்கும் அதில் இடம், கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டால் கல்லில் விடையில்லை. மலையிறங்கி வரும் வழியெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கார்த்திகையில் மறுபடி போனேன். சாமை அறுத்திருந்தார்கள், துவரை நின்றது. களத்தில் பத்து மீட்டரை அடி போட்டு அளந்து, பலா மரத்தில் தாளைக் குத்தினாள். பின்னால் மண் மேடு, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். அம்மா வந்து துப்பாக்கியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது பன்னிய சுடுமா?"

"சுடாதும்மா."

"அப்ப சரி."

முதல் நாலும் சிதறின. திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பா திரும்பாமலே, "மூச்ச வுட்டுட்டு அமுக்கு. முழுசா வுடாத, பாதி" என்றார். அவள் குழலை மடக்கினாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அம்மா டார்ச்சை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, தகரத்தை எடுத்துக்கொண்டு துவரைக் காட்டுக்கு ஏறினார்.