இன்னிக்கு நாள்

ரொம்ப நாளா எழுதலாமா வேணாமான்னு இழுத்துட்டே இருந்த விஷயம். தங்கமணிகிட்ட பர்மிஷன் கேட்டேன். "உங்க மானம்தானே போகும், எழுதுங்க"ன்னுட்டா. அதனால தைரியமா ஆரம்பிக்கறேன்.

கல்யாணமாகி ரெண்டரை வருஷம் ஆச்சு. முதல் வருஷம் ஜாலியா போச்சு. அப்புறம் ஊருக்குப் போனா "ஏதும் விசேஷமா?"ங்கற கேள்வி. இல்லேன்னதும் ஒருத்தரும் என்னைப் பார்க்க மாட்டாங்க, அவ வயித்தைத்தான் பார்ப்பாங்க. தைராய்டு, ஸ்கேன், ரத்தம்னு அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். அம்மா எங்களைத் திருக்கருகாவூர் கூட்டிட்டுப் போய் நெய் வாங்கிக் கொடுத்தாங்க. 48 நாள் சாப்பிட்டோம்.

இதுக்கு நடுவுல ஓவுலேஷன் கிட் வாங்கினா. ரெண்டாவது கோடு அழுத்தமா தெரிஞ்சா அடுத்த ஒண்ணு, ஒண்ணரை நாள்ல கருமுட்டை வெளியாகும்னு அர்த்தம். மத்தியானம் மெசேஜ் வரும்: "இன்னிக்கு நாள்". அவ்ளோதான். அதைப் படிச்ச நிமிஷத்துலேர்ந்து எனக்கு வயித்தைப் பிசையும். ராத்திரி ஒண்ணும் நடக்காது. மத்த நாள்ல ஒரு பிரச்சினையும் இல்லை, அந்த ரெண்டு நாள் மட்டும் சுத்தமா படுத்துடும். டெஸ்ட் சர்வர்ல சூப்பரா ஓடுற கோடு, ரிலீஸ் அன்னிக்கு க்ராஷ் ஆகற மாதிரி (ஹி ஹி... இப்ப சிரிக்கறேன், அப்ப அழுதேன்).

நாலு மாசம் இப்படி. "டயர்டா இருக்கு", "ஆபீஸ்ல டென்ஷன்"னு சமாளிச்சேன். அவ தன்னைப் பிடிக்காமப் போச்சோன்னு நினைச்சிருக்கா. அது எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டு இருந்தா. அன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட போகலாம்னு நானே வாயைத் திறந்தேன். அதுக்கு முன்னாடி ராத்திரி டீவில வர்ற லாட்ஜ் வைத்தியர் நம்பரைக் குறிச்சு வச்சிருந்தேன், இன்ஜினியரிங் படிச்சவன்தான்! அவங்க சொல்ற "இளமையில் செய்த தவறு"க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில எந்திரிக்கும்போது எப்படி இருக்கு?" நல்லாத்தான் இருக்குன்னேன். அப்படின்னா நரம்பும் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் சரியா இருக்குன்னு அர்த்தமாம். சர்க்கரை இருந்தாலும் இப்படி வரலாம்னு சுகரும் பிபியும் பார்த்தார். விறைப்புங்கறது ரத்தம் போய் நிரம்பறது, அதுக்கு உடம்பு தளர்வா இருக்கணும். பதட்டப்பட்டா அட்ரினலின் சுரந்து ரத்தக் குழாய் சுருங்கிடும்னு விளக்கினார். "நாய் துரத்தும்போது யாருக்காவது வருமா?"ன்னார். தங்கமணி சிரிச்சுட்டா, நாலு மாசத்துக்கு அப்புறம்.

விந்து பரிசோதனை தனிக்கூத்து. வீட்ல எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூடு ஆறாம கொண்டு போகணும். சட்டைக்குள்ள டப்பாவை வச்சுக்கிட்டு சிக்னல்ல நின்னது எனக்கும் ஆட்டோக்காரருக்கும் மட்டும் தெரியும். ஆட்டோக்காரருக்குப் பாதிதான். ரிசல்ட் மில்லிலிட்டருக்கு 4.2 கோடி. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குப்படி கீழ் எல்லை 1.6 கோடி.

அப்புறம் டாக்டர் சொன்னதுதான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. கருமுட்டை ஒரு நாள்தான் தாங்கும், ஆனா விந்தணு உள்ள போய் அஞ்சு நாள் வரைக்கும் காத்திருக்கும். அதனால கிட்டைத் தூக்கிப் போட்டுட்டு, மாசம் முழுக்க ரெண்டு மூணு நாளுக்கு ஒருதடவைன்னு சும்மா இருங்க, நாளை எண்ணாதீங்கன்னார். தேவைப்பட்டா மாத்திரை இருக்கு, ஆனா நானே மெடிக்கல்ல போய் வாங்கக்கூடாதுன்னும் மிரட்டினார். அதுவும் சரிப்படலேன்னா சாம்பிளை உறைய வச்சு ஐயுஐ பண்ணலாமாம்.

மூணு மாசம் ஆச்சு. விசேஷம் இன்னும் இல்லை. ஆனா வீட்ல "நாள்" இல்லை, மெசேஜ் இல்லை.

போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. "அவளை வேற யார்கிட்டயாவது காட்டலாமாடா?"ன்னாங்க. தங்கமணி பக்கத்துல வெங்காயம் நறுக்கிட்டு இருந்தா.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. டாக்டர்கிட்ட போறது எனக்குத்தான்"னேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டாங்க. இந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்னு போயிருந்துச்சு.