மணிக்கு முன்னே வரும் எண்

மருத்துவமனை, தங்கும் விடுதி, நூற்பாலை போன்ற இடங்களில் ஒரு சில வெளி இணைப்புகளைப் பல அறைகளுக்குப் பகிர்ந்து தரும் இபிஏபிஎக்ஸ் பெட்டிகள், அவற்றுக்கு வந்துகொண்டிருந்த செப்புக்கம்பி இணைப்புகள் நீங்கிக் கண்ணாடி இழையும் இணையமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்ட பின்னும், சுவரைவிட்டு இறங்காமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் சுவருக்குள் புதைத்து இழுத்த கம்பிகளைப் பிடுங்கிப் புதிதாக இழுப்பது பெருஞ்செலவு என்பதாலும், பெட்டி இன்னும் பழுதில்லாமல் ஓடுகிறது என்பதாலும், உரிமையாளர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்தில் மட்டும் இணையத் தொலைபேசி அடாப்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள். கையடக்கமான இந்தக் கருவியின் ஒரு பக்கத்தில் இணைய கேபிளும் மறுபக்கத்தில் சாதாரணத் தொலைபேசிக்கான துளையும் இருக்கும். எஃப்எக்ஸ்எஸ் எனப்படும் அந்தத் துளை, தொலைபேசி நிலையத்தைப் போலவே மின்னழுத்தம் கொடுத்து, டயல் டோன் தந்து, மணியும் அடிக்கிறது. இபிஏபிஎக்ஸின் வெளி இணைப்புத் துளையோ எஃப்எக்ஸ்ஓ எனப்படுவது, ஒரு தொலைபேசியைப் போல நடந்துகொண்டு அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டையும் இணைத்தால் பேச்சு பெரும்பாலும் முதல் நாளிலேயே சரியாக வந்துவிடுகிறது. வராமல் போவது அழைப்பவரின் எண்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, எண் எந்த நொடியில் கம்பியில் பயணம் செய்கிறது என்பதை அறிய வேண்டும். வட அமெரிக்க முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலுள்ள நான்கு வினாடி அமைதியில், 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரு ஒலிகள் ஒன்றையும் சுழியையும் குறிக்க, வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் எண் அனுப்பப்படுகிறது. எஃப்எஸ்கே எனப்படும் இந்த முறையின் ஐரோப்பிய வடிவம் 1300, 2100 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கையாள்கிறது. இந்தியாவில் பரவலாக இருந்த முறை வேறு. இங்கே கம்பியின் நேர்முனையும் எதிர்முனையும் ஒரு கணம் இடம் மாறி, 'எண் வருகிறது' என்று பெட்டிக்குத் தெரிவித்த பின், மணி அடிப்பதற்கு முன்பே, விசைகளை அழுத்தும்போது கேட்கும் டிடிஎம்எஃப் ஒலிகளாக எண் வந்து சேர்ந்துவிடும். திறந்த மூல இணைப்பக மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கில் இந்த வழக்கத்துக்கென்றே இந்தியாவின் பெயரோடு தனி அமைப்பு ஒன்று இருப்பது, இது எவ்வளவு தனித்தன்மை வாய்ந்தது என்பதற்குச் சான்று. ஆக, மணிக்கு முன் காத்திருக்கும் பெட்டியிடம் மணிக்குப் பின் எண்ணைக் கொடுக்கும் அடாப்டரை இணைத்தால், இரண்டும் பழுதற்றவையாக இருந்தும் எண் கைமாறாது.

கோயம்புத்தூரில் உள்ள சிறிய மருத்துவமனை ஒன்றில் நடந்த களப்பார்வையில் இச்சிக்கலை அருகிலிருந்து காண முடிந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண், அவசரமாக அழைப்பவர்கள் பாதிப் பேச்சில் துண்டிக்கப்பட்டால் திரும்ப அழைக்க வழியில்லாமல், ஒவ்வோர் அழைப்பிலும் முதலில் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதும் வழக்கத்துக்கு வந்திருந்தார். வலியில் இருப்பவரிடம் முதல் கேள்வியாக எண்ணைக் கேட்க வேண்டியிருந்த அந்த நிலை ஒன்றே, இப்பழுதைச் சிறு குறையென ஒதுக்குவது தவறு என்பதைக் காட்டப் போதுமானது.

வேலைக்கு வந்தவர்கள் இருவர்: செப்புக்கம்பிக் காலத்திலிருந்தே இபிஏபிஎக்ஸ் பார்த்துவரும் மூத்த தொழிலாளி, கணினி வலையமைப்பு படித்த இளைஞர். மூத்தவர் முதலில் பெட்டியைத் தொடவில்லை. கம்பிகள் வந்து சேரும் க்ரோன் பிளாக்கிலிருந்து வெளி இணைப்பைக் கழற்றி, எண் காட்டும் சாதாரணத் தொலைபேசி ஒன்றை நேராக அடாப்டரில் செருகி, கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தார். எண் தெரிந்தது. இணையத்தின் வழியே எண் வருகிறது, அடாப்டரும் அதை வெளியே அனுப்புகிறது என்பது அந்த ஒரே சோதனையில் உறுதியாயிற்று. சந்தையில் கிடைக்கும் இத்தகைய தொலைபேசிகளில் பல, இரு முறைகளையும் புரிந்துகொள்பவை என்பதால், எந்த முறையில் அனுப்புகிறது என்பது மட்டுமே மீதமிருந்தது. அதற்கு அவர் டெஸ்ட் போனை, இணைப்பை எடுக்காமல் ஒலியை மட்டும் கேட்கும் மானிட்டர் நிலையில் வைத்துக் கம்பியில் கவ்வவிட்டு, இளைஞரின் கையில் கொடுத்தார்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம் கேக்குதா பாரு தம்பி."

"இல்லீங்கண்ணா. முதல் மணி முடிஞ்சதும் கிர்ருனு ஒண்ணு வருது, அவ்வளவுதான்."

அந்தக் 'கிர்' எஃப்எஸ்கே ஒலி. இளைஞர் மடிக்கணினியில் அடாப்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் மணிக்கு முன் முனைமாற்றத்துடன் வரும் டிடிஎம்எஃப் முறையைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த அழைப்பில், கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்க மாட்டியிருந்த மல்டிமீட்டரில், எண்ணுக்கு முன்னிருந்த கழித்தல் குறி மறைந்தது. முனைகள் மாறியதற்கு அதுவே அடையாளம். தொடர்ந்து விசை ஒலிகள் காதில் விழுந்தன. ஆயினும் மேசைத் தொலைபேசியின் திரை வெறுமையாகவே இருந்தது. டிடிஎம்எஃப்பில் மொத்தம் 16 ஒலிகள் உண்டு. சாதாரண விசைப்பலகையில் இல்லாத ஏ, பி, சி, டி என்னும் நான்கில் ஒன்றை எண்ணின் தொடக்கக் குறியாக வைப்பது வழக்கம். அடாப்டர் ஒன்றை அனுப்பப் பெட்டி மற்றொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. தொடக்கக் குறியை 'ஏ'யிலிருந்து 'டி'க்கு மாற்றியதும் பத்து இலக்கங்களும் திரையில் வந்து நின்றன.

பழுதின் தோற்றமே பழுதின் காரணத்தைப் பல நேரங்களில் சொல்லிவிடுகிறது என்பது இத்தொழிலின் நுட்பங்களுள் ஒன்று. எஃப்எஸ்கே செய்தியின் இறுதியில் சரிபார்ப்பு எண் ஒன்று இருப்பதால், ஒரு பிட் பிசகினாலும் பெறும் கருவி செய்தி முழுவதையும் தள்ளிவிடும். டிடிஎம்எஃப்பில் அத்தகைய சரிபார்ப்பு இல்லாததால் எண் குறைபட்டும் திரைக்கு வரும். முதல் இலக்கம் மட்டும் விடுபட்டால், பெட்டி விழிப்பதற்குள் அடாப்டர் பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். எஃப்எஸ்கே மட்டுமே அறிந்த பெட்டிகளில் வேறொரு சிக்கல் எழும்: 0.4 வினாடி மணி, 0.2 வினாடி அமைதி, மீண்டும் 0.4 வினாடி மணி, பிறகு 2 வினாடி அமைதி என்னும் இந்திய இரட்டை மணியில், அந்த 0.2 வினாடியையே மணிகளுக்கு இடைப்பட்ட நேரமாகப் பெட்டி எடுத்துக்கொண்டால் எண் அடங்காது; அடாப்டரின் மணியை ஒரே நீண்ட மணியாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதே பெட்டிகளில் தானியங்கி வரவேற்புக் குரல் முதல் மணியிலேயே அழைப்பை எடுத்துவிடுவதும் எண்ணை விழுங்கும். இரண்டாம் மணிக்குப் பின் எடுக்குமாறு அமைப்பதே அதற்கு மருந்து.

எண்ணின் வடிவமும் தொல்லை தரக்கூடியது. இணையத்தில் எண் கூட்டல் குறியும் 91-உம் முன்னே சேர்ந்து வருவதுண்டு. கூட்டல் குறிக்கு டிடிஎம்எஃப்பில் ஒலியே கிடையாது என்பதால், அதை நீக்கும் விதியை அடாப்டரிலோ அழைப்பை அனுப்பும் சேவையிலோ எழுத வேண்டும். கோயம்புத்தூரில் இளைஞர் இதைச் சில நிமிடங்களில் முடித்தார். மூத்தவர் அருகில் நின்று, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கம்பியின் ஒலியைக் காதால் பிரித்தறியும் பயிற்சி ஒருவரிடமும், இணையச் செய்தியை வரிவரியாகப் படிக்கும் பயிற்சி மற்றவரிடமும் இருந்தன. இருவரில் ஒருவர் மட்டும் வந்திருந்தால் அந்த வேலை அன்று முடிந்திருக்குமா என்பது ஐயமே. முன்னவரின் பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாமல், உடன் நின்று கேட்பவருக்கு மட்டுமே கைமாறுவதால், அவ்வாறு நிற்க ஆள் கிடைக்கும்போதே அதை எழுதிவைப்பது அவசியமாகிறது.

மூத்தவர் அதை அறிந்தே இருந்தார். பெட்டியின் மூடியை மாட்டுவதற்கு முன், அதன் உட்புறம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 'மணிக்கு முன், போலாரிட்டி, டிடிஎம்எஃப், தொடக்கம் டி' என்று மார்க்கர் பேனாவால் எழுதி, கீழே தேதியையும் போட்டார்.