கடல் கடந்து வரும் உறவுகள்

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எமது மலையகக் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவானது. அக்கா கப்பலேற, தங்கை லயத்திலேயே தங்கிவிட்ட வீடுகள் எத்தனையோ! கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாட்டி பிறந்த தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து பயணத்தைத் திட்டமிடும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்.

முதலில் இரு கரையிலும் உள்ள மூத்த பெண்களிடம் கேளுங்கள். தோட்டத்தை நம்மவர் அழைக்கும் பெயர் ஒன்று, பதிவிலுள்ள பெயர் வேறொன்றாக இருக்கும். மேற்கணக்கா கீழ்க்கணக்கா, எந்த லயம், கங்காணி யார், மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டிமாருக்குப் பிறகு இதைச் சொல்ல ஆளில்லை.

பிள்ளைகள் படகையும் மீனையும்தான் கேட்பார்கள். நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைந்த வாவியில் படகுச் சவாரி உண்டு. அட்டன் பக்கத்தில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. இவை 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீருக்கடியில்தான் கிடக்கிறது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய வணக்கத்தலங்களின் இடிபாடுகள் தெரியும். பாட்டி சொன்ன கடைத்தெருவைக் கரையில் தேடவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மலை ஆறுகளில் ட்ரவுட் மீனை விட்டவர்கள் வெள்ளைத் துரைமார். தூண்டில் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நீர்த்தேக்க மீன் நம்மவருக்கோ கறிச்சட்டிக்கு உதவுவது. திலாப்பியாவும் கெண்டையும் கிடைக்கும். தூண்டில் போடுமுன் அனுமதி உண்டா என விசாரியுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். அறை வாடகையும் கூடும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்களால் மஸ்கெலியா வீதி நெரிசலாகும். மழைக்காலமானால் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டே புறப்படவேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுக்குச் செய்த அழிவை நாம் மறக்க முடியாது.

இன்னொன்றையும் விருந்தினருக்குத் தயங்காமல் சொல்லுங்கள். வேலை நாளில் வந்தால், வரவேற்கும் பெண்ணுக்கு அன்றைய பேர் போய்விடும். சம்பளமும் இல்லை, சமையல் வேலையோ இரட்டிப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரட்டும். சமையலில் ஆண்களும் கைகொடுக்கட்டும். லயத்துக்குள் படம் பிடிக்குமுன் வீட்டுக்காரியிடம் கேட்கட்டும். பாட்டி விட்டுப்போன அறையில் இன்று வேறொரு குடும்பம் வாழ்கிறது. அது காட்சிப் பொருளல்ல.

பிரிந்துபோன பெரியம்மா, சின்னம்மா வழிப் பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து சாப்பிடும் அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடலாம்.