புதியவருக்கு எந்தக் கணக்கு?

ஆடுபுலி ஆட்டத்தில் புலி அடைபட்டால் ஆட்டம் தீர்ந்தது. சதுரங்கத்தில் அரசன் அகப்பட்டால் தீர்ந்தது. சீனர் வெய்ச்சி என்றும், ஜப்பானியர் இகோ என்றும், கொரியர் பதூக் என்றும், ஏனையோர் கோ என்றும் வழங்கும் ஆட்டத்திலோ, இனி வைக்க ஒன்றுமில்லை என்று இருவரும் கைமடக்கிய பிறகே கணக்கு ஆரம்பமாகிறது. அக்கணக்கில் பிரதானமாக இரண்டு முறைகள் உள. புதிதாகக் கற்பவருக்கு அவற்றுள் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஆட்டம் அறியாத நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கோடுகள் சந்திக்கும் இடங்களில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறிக் காய் வைப்பர். காயை ஒட்டிய வெற்றிடங்கள் அதற்கு மூச்சு; மூச்சனைத்தும் அடைபட்ட காய் சிறைப்பட்டுப் பலகையை விட்டு நீங்கும். அதிக இடத்தை வளைத்தவர் வென்றவர். பெரிய பலகையில் 361 சந்திகள். புதியவருக்கு ஒன்பதுக்கு ஒன்பதாக 81 சந்திகளே போதும்.

ஜப்பானிய முறையில், வளைத்த வெற்றிடங்களையும் சிறைப்பிடித்த காய்களையும் எண்ணுவர். சீன முறையில், பலகைமேல் உயிரோடு நிற்கும் தம் காய்களையும் வளைத்த வெற்றிடங்களையும் எண்ணுவர்; சிறைக்காய்களுக்கு அங்கே மதிப்பில்லை. இருவரும் மாறிமாறி ஒவ்வொரு காயாக வைப்பதால், இரு கணக்குகளும் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கு மேல் வேறுபடுவதில்லை. அங்ஙனமாயின் இதில் வாதத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருப்பது செத்த காய்களின் சங்கதி.

நம் நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கிறார். அவர் ஜப்பானிய முறையில் தேர்ந்தவர். ஒருநாள் பத்து வயதுப் பெண்ணொருத்தி ஆடி முடித்தாள். அவளுடைய வெள்ளைக்காய் ஒன்று கறுப்பின் நிலத்தில் தனியே நின்றது. நண்பர் அதனை எடுத்து எதிராளியிடம் கொடுத்து, “இது செத்த காயம்மா” என்றார். “யாரும் அதை வளைக்கவில்லையே, ஐயா. செத்துவிட்டதென்று யார் சொன்னது?” என்றாள் அவள். “பழகப் பழகத் தெரியும்” என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. பெண் மறுமொழி கூறாமல் தன் காய்களைப் பெட்டியிலிட்டு எழுந்துவிட்டாள்.

அவள் கேட்டதில் பிழை யாது? அந்தக் காய்க்கு நான்கு மூச்சும் திறந்திருந்தன. அதைப் பிடித்துக் காட்டக் கறுப்பு நான்கு காய் வைக்கவேண்டும். வெள்ளை பதில் வைக்காமல் நான்கு முறையும் கைமடக்கினால், ஜப்பானியக் கணக்கில் கறுப்பு தன் நிலத்திலேயே நான்கு புள்ளிகளை இழந்துவிடும். ஆகவே மெய்ப்பிக்க முயல்பவனுக்கு அபராதம் விழுகிறது. அறிந்தவர் சொல்லை நம்புவதே மலிவாகிறது. சீனக் கணக்கிலோ, அந்த நான்கு இடங்கள் வெற்றிடமாக இருந்தாலும் கறுப்புக்குப் புள்ளி, காய் நிறைந்திருந்தாலும் கறுப்புக்குப் புள்ளி. “செத்ததா, இல்லையா? ஆடிப் பார்” என்று சொல்லிவிடலாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை.

நாம் செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவர். மாதக் கடைசியில் ஏட்டிலுள்ள தொகை சரியாகவே இருக்கும். ஆயினும் குலை வெட்டியவர் தாமே எண்ணிப் பார்த்து ஒப்பும்வரை அத்தொகை அவருக்குப் பிறர் சொல்தான். கற்றுக்கொடுப்பவர் கணக்கும் அத்தகையதே.

நண்பர் விடுவதாக இல்லை. ஜப்பானில் 1949-ல் எழுத்து வடிவம் பெற்று 1989-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஐயமான காயின் உயிரையும் சாவையும் கற்பனை ஆட்டத்தால் தீர்மானித்துவிட்டு, பலகையைப் பழைய நிலையில் வைத்தே எண்ணவேண்டும். ஆகவே அங்கும் மெய்ப்பிக்க வழியுண்டு என்றார். உண்டுதான். ஆனால் பத்துக் காய் வைத்துப் பார்த்தபின் பழைய நிலை எதுவென்று எந்தப் புதியவருக்கு நினைவிருக்கும்? அதற்கும் ஆசிரியரையே கேட்கவேண்டும்.

அவர் மற்றொன்றும் சொன்னார், அதில் நியாயமுண்டு. சிறைப்பிடித்த காயைக் கையில் வைத்து எண்ணுவதில் குழந்தைகளுக்குள்ள மகிழ்ச்சி சீனக் கணக்கில் இல்லை. ஜப்பானிய முறையில் நிலங்களைப் பத்துப்பத்தாக ஒழுங்குசெய்து நொடியில் எண்ணும் அழகும் அதில் இல்லை. மெய்தான். எனினும் சிறைக்காய் ஒன்று மேசைக்கடியில் உருண்டோடிவிட்டால் அந்த அழகிய கணக்கு முழுவதும் கெடும் என்பதையும் நோக்கவேண்டும். சிறுவர் கூடிய அறையில் காய்கள் உருளாத நாளேது?

2016-ல் சியோல் நகரில் கொரிய வீரர் லீ செடோல் ஆல்பாகோ என்னும் இயந்திரத்துடன் ஆடினார். கொரியாவில் வழங்குவது நிலத்தை எண்ணும் கணக்கு. அப்போட்டி நடந்ததோ சீன விதிப்படி. “பழகப் பழகத் தெரியும்” என்பது விதியாக எழுதக்கூடிய வாசகமன்று. இயந்திரத்துக்கு எழுதித் தரக்கூடிய விதி வேண்டும். குழந்தைக்கும் அதுவே வேண்டும் என்பது நம் துணிபு.

இன்னும் எளிதான படியொன்று உண்டு. முற்காலச் சீனத்தில் பலகைமேல் நிற்கும் காய்களையே எண்ணினர். முதல் நாளில் அவ்விதமே, “வைக்க முடிந்தமட்டும் வையுங்கள், யார் காய் அதிகமோ அவருக்கு வெற்றி” என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு கூட்டமும் உயிர்வாழ இரண்டு வெற்றிடங்களை நிரப்பாமல் விடவேண்டும் என்பதைச் சிறுவர் தாமே கண்டுபிடிப்பர். அவற்றுள் ஒன்றை நிரப்பியவன் கூட்டத்தோடு இழப்பான். மூன்றாம் ஆட்டத்திலோ நான்காம் ஆட்டத்திலோ, “இங்கே எப்படியும் நான்தானே வைப்பேன், ஏன் நிரப்பவேண்டும்?” என்று ஒருவன் சலித்துக்கொள்வான். அச்சலிப்பே சீனக் கணக்குக்கு வாசல். 81 சந்தியில் 41 எட்டியவர் வென்றார்; ஒரு நிறத்தை மட்டும் எண்ணினாற் போதும்.

அமெரிக்கக் கோ சங்கத்தார் 1991-ல் ஏற்ற விதியில், கைமடக்குபவர் எதிராளிக்கு ஒரு காயைச் சிறையாகக் கொடுக்கிறார்; வெள்ளையே கடைசியில் கைமடக்கவேண்டும். அதனால் இரு கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. இது சாதுரியமான ஏற்பாடே. ஆயினும் சும்மா இருப்பதற்கு ஏன் காய் கொடுக்கவேண்டும் என்பதைப் புதியவருக்கு விளக்குவது பெரும்பாடு.

ஜப்பானியக் கணக்கை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. “இருவரும் ஒரே எண்ணிக்கையில்தானே காய் வைத்தோம், பிறகு காயை ஏன் எண்ணுகிறோம்?” என்று பிள்ளைகளுள் ஒருவர் கேட்கும் நாள் வரும். அன்று அதைத் திறந்து காட்டலாம். அதுவரை சிறைக்காய்களை மூடியில் தனியே வைக்கும் பழக்கத்தை மட்டும் உண்டாக்கிவைப்பது நல்லது.