கரைதலும் உருகுதலும்

ஆலந்தலைக் கடற்கரையில் வளரும் சிறுவன் பருப்பொருளின் மூன்று நிலைகளையும் தொட்டே வளர்கிறான். மீன் பெட்டியில் பனிக்கட்டி, காலடியில் கடல், காயும் வலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ஈரம். அவனிடம் இல்லாதவை அவற்றின் பெயர்கள் மட்டுமே. இந்த எளிய உண்மையை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் கற்றுக்கொண்டேன். கற்பித்தவன் ஓர் ஆறாம் வகுப்பு மாணவன்.

மாலை வேளைகளில் பங்குச் சிறார்க்குப் பாடம் சொல்லித் தருவது என் வழக்கம். அன்று திண்மம், நீர்மம், வளிமம் எனக் கரும்பலகையில் எழுதி, வரையறைகளை ஒப்பிக்கச் செய்தேன். எதையும் வரையறையில் தொடங்குவது குருமடத்தில் எனக்கு ஊறிப்போன பழக்கம். அப்போது அவன் எழுந்தான்.

“சாமி, ஐஸும் கரையுது, உப்பும் கரையுது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?”

பிள்ளைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். “பனிக்கட்டி உருகும், உப்பு கரையும். அப்படியே எழுது” என்று கூறி, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் முதல் அவன் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டான்.

அந்த மௌனம் என்னை உறுத்தியது. ‘ஐஸ் கரைந்து போயிற்று’ என்றுதானே நாம் அனைவரும் பேசுகிறோம்? அவன் கேட்டது அறியாமையன்று; அறிவியலின் வாசற்படி.

ஒரு வாரம் கழித்து இரண்டு தட்டுகளுடன் வகுப்புக்கு வந்தேன். ஒன்றில் பனிக்கட்டித் துண்டு. மற்றதில் சிறிது நீரும் ஒரு கரண்டி உப்பும். உப்பு முற்றும் மறையும்வரை கலக்கும்படி அவனிடமே கொடுத்தேன். இரண்டையும் மாடி வெயிலில் வைத்தோம். நீர் வற்றியபின் முதல் தட்டு வெறுமையாக இருந்தது. இரண்டாவதில் வெண்படிகங்கள் மின்னின. பனிக்கட்டி தானே நீராக மாறிப் பின் ஆவியாயிற்று. உப்போ நீருக்குள் மறைந்திருந்து, நீர் போனதும் திரும்பி வந்தது. உப்பு தானாக உருக வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்றதும் பிள்ளைகள் வியந்தனர். “ஆறுமுகநேரி உப்பளத்துலயும் இதத்தானே சாமி செய்யுறாங்க?” என்றாள் ஒரு சிறுமி. பாடத்தை அவர்களே முடித்துவிட்டார்கள்.

ஆவியான நீர் எங்கே போயிற்று? குங்குமம் கலந்த நீரில் பனிக்கட்டி இட்ட தம்ளரை மேசைமேல் வைத்தோம். வெளிப்புறம் வியர்த்தது. “ஒழுகுது” என்றனர் சிலர். ஆனால் துளிகளில் சிவப்பு இல்லை. கடற்காற்றிலிருந்த நீராவியே குளிர்ந்து நீராகியது என்று கண்டார்கள்.

மீனுக்குக் குளிர்ந்த நீர் போதாதா, பனிக்கட்டி எதற்கு என்றும் கேட்டேன். தந்தையரின் தொழிலைச் சொல்லத் தெரிந்த அவர்களுக்கு அதன் காரணத்தைச் சொன்னேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு ஈர்க்கும் வெப்பம், ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். அவ்வளவு வெப்பத்தை மீனிடமிருந்து வாங்கிக்கொண்டே அது உருகுகிறது.

அன்று அச்சிறுவனிடம் எல்லார் முன்னிலையிலும், “தம்பி, உன் கேள்விதான் சரி, என் சிரிப்புத்தான் தவறு” என்றேன். அவன் தலைகுனிந்து புன்னகைத்தான். பின்னர் மெல்லக் கையை உயர்த்தினான்: “சாமி, கடல் ஏன் உறையல?”

பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்கும் கேள்வி விந்தையாகத் தோன்றினால் சிரித்துவிடாதீர்கள். ஒரு தட்டையும் சிறிது உப்பையும் எடுத்து வாருங்கள்.