பின்வளவு வீட்டுக்குச் சுண்ணாம்பு

எங்கள் கிழக்குக் கரையில் ஓர் ஆண் தன் ஆயுளில் மூன்று வீடுகளில் குடியிருக்கிறான். முதலாவது உம்மாவின் வீடு. இரண்டாவது மனைவியின் வீடு. மூன்றாவது, மகளுக்குக் கல்யாணமானதும் மனைவியின் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் போய் ஒதுங்கிக்கொள்கின்ற வீடு. இந்த மூன்றில் ஒன்றுகூட அநேகமாக அவன் பெயரில் இருப்பதில்லை என்பது வேறு விடயம். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த முறையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அவருக்கு அது ஆராய்ச்சி. நமக்கு அது வங்கிக் கடன்.

வீடு கொடுக்கும் வழமை நல்லதா கெட்டதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்க வரவில்லை. கைக்கூலியைக் கண்டித்து எத்தனையோ குத்பாக்கள் கேட்டாயிற்று. வீட்டை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு மறுபக்கமும் உண்டு. மாப்பிள்ளை மனம் மாறிப் போனாலும் எங்கள் பெண் தெருவில் நிற்பதில்லை. அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கிருக்கும் ஆதங்கம் இதைவிடச் சிறியது. சீதனத்தைப் பற்றி நமது எழுத்தாளர்கள் கதை கதையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போன தாயும் தகப்பனும் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்பதை நான் வாசித்தவற்றில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

என் மகளின் கல்யாணம் 2023 இல் நடந்தது. கடன் எடுத்து முன்வீட்டைத் திருத்தினோம். அதற்கு முந்திய வருடங்களில் ஆயிரம் ரூபாயளவில் விற்ற ஒரு மூடை சீமெந்து, 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டிருந்தது. ரைல்ஸ், அலுமினிய ஜன்னல், சீலிங் என்று ஒவ்வொன்றாக வந்தன. மண்டபத்துச் சீலிங்குக்கு மாத்திரம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே செய்யவேண்டியதாக அவை ஆகிவிட்டிருப்பதுதான் விசேடம்.

கடைசியில் கையில் மிஞ்சியது, பின்வளவில் 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறையும், ஒரு சிறு குசினியும், சீற் போட்ட கூரையும். மூன்று பக்கமும் புதிய கல். கடல் பக்கத்துச் சுவர் மட்டும் என் மாமியின் காலத்து மண்சுவர். 2001 இல் நான் மாப்பிள்ளையாக அந்த வளவுக்குள் வந்த அன்று, மாமி தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். 2011 இல் மௌத்தாகும்வரை அங்கேதான் இருந்தார். கூரை தூண்களில் நிற்பதால் அந்தச் சுவர் சுமை தாங்க வேண்டியதில்லை. இடிக்க வேண்டாம் என்று மேசனிடம் சொன்னேன்.

“நமக்கென்ன, கிடந்தெழும்பினாப் போதும்தானே. எங்கட உம்மா கிடக்கல்லயா?” என்றாள் மனைவி. உள்ளே பெயின்ற் அடிப்பதற்குக் காசில்லை என்று நான் சொல்லவே இல்லை; அவளாகவே முந்திக்கொண்டாள்.

உம்மா எப்படிக் கிடந்தார் என்பது இருவருக்கும் தெரியும். வாசலுக்குக் கதவில்லை, சாக்கு தொங்கியது. ஆனாலும் மாமி அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்தவர் அல்லர். சாணம் நஜீஸ் என்பதால் நம்மவர் வீடுகளில் அது சேராது. புற்றுமண்ணையும் களியையும் குழைத்து, வியாழக்கிழமை பின்னேரங்களில் நிலத்தையும் குந்தையும் கையாலேயே மெழுகுவார். மெழுகிய நிலத்தில் அவருடைய விரல்களின் தடம் பிறை பிறையாக வரிசையில் விழுந்திருக்கும். முன்வீட்டில் இருந்த எங்களுக்கு அப்போது வெறும் சீமெந்து நிலம். வெள்ளி இரவில் யாசீன் ஓதப் பின்னால் போய் உட்காரும்போது, வளவிலேயே அழகான தரை அதுதான் என்று நான் நினைத்ததுண்டு.

ஆகவே பின்வீட்டை நாமே செய்வது என்று முடிவெடுத்தேன். கூலி கொடுக்கக் கடனில் ஒரு சதமும் மிச்சமில்லை. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற இரண்டு வருடங்களில், வீசுகின்ற பொருள்களிலிருந்து கற்பித்தல் உபகரணம் செய்யப் பழக்கியிருந்தார்கள். சிரட்டையில் தராசும் மட்டையில் கடிகாரமும் செய்த கை, சுவருக்குக் கூசவேண்டிய அவசியமில்லை.

முதலில் சுண்ணாம்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெருநாளைக்கு வெள்ளையடிப்பதைக் கண்டதில்லை. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். தூள் சுண்ணாம்பை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவிட வேண்டும். மறுநாள் பழைய சாறன் துண்டில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும், வெண்மை தூக்கலாகத் தெரிய ஒரு சிட்டிகை உடுப்பு நீலமும் சேர்க்க வேண்டும். பால் பதத்துக்கு நீர்க்க இருக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் பொருக்காகி உதிரும். சுவருக்கு முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவர், சுண்ணாம்பிலுள்ள நீரை உடனே உறிஞ்சிவிடும்; பின்பு கையை வைத்தால் மாவாக ஒட்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கையையும் அரிக்கும். தூரிகைக்கு நான் தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கி எடுத்துக்கொண்டேன்.

முதல் பூச்சு அடித்த பின்னேரம் மனைவி வந்து பார்த்தாள். சுவர் நனைந்த சாம்பல் நிறத்தில் இருந்தது, சுண்ணாம்பு அடித்த அடையாளமே இல்லை. “இதுக்கா நாள் முழுக்க நிண்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சுபஹுக்குப் பிறகு விளக்கைப் பிடித்துப் பார்த்தவளே வந்து என்னை எழுப்பினாள். சுவர் வெளுத்திருந்தது. இது வகுப்பில் நான் வருடா வருடம் செய்துகாட்டும் பரிசோதனைதான். சுண்ணாம்புத் தெளிநீருக்குள் குழாயால் ஊதினால், மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு பட்டு அது பாலாக மாறும். சுவரிலும் அதுவே நடக்கிறது, காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. மூன்று பூச்சு அடித்தோம், ஒவ்வொன்றுக்குமிடையில் ஒரு நாள் விட்டு.

அடித்தோம் என்கிறேன். இரண்டாவது பூச்சிலிருந்து அவளும் இறங்கிவிட்டாள். எல்லாம் வெள்ளையாக இருந்தால் மையித்து வீடு மாதிரி இருக்கும் என்று, கீழே இரண்டடி உயரத்துக்குக் காவி சேர்க்கச் சொன்னது அவள்தான். அதில் ஒரு வசதியும் இருந்தது. மாரியில் தெறிக்கும் சேறு காவியில் தெரியாது. கடைச் சாயங்கள் பல சுண்ணாம்பின் காரத்துக்கு நிறம் மங்கிப்போகும், காவி போன்ற மண் நிறங்கள்தான் நின்று பிடிக்கும். கடல் பக்கத்து மண்சுவரை மட்டும் என்னைத் தொட விடவில்லை. “அத நான் பாத்துக்கிறன்” என்றாள். வெடிப்புகளுக்குக் களி அப்பி, காயவிட்டு, தூரிகையைக்கூட எடுக்காமல் துணியாலேயே சுண்ணாம்பு பூசினாள். அரை நாள் எடுத்தது. நான் வெளியே நின்று பலகை சீவிக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. மண்சுவருக்குச் சுண்ணாம்பு மிகவும் தோதானது, சுவரின் ஈரத்தை அது வெளியே விடும். பெயின்ற் அடித்திருந்தால் அடுத்த மாரிக்குள் கொப்பளித்திருக்கும்.

அடுத்தது கூரை. சீற்றின் கீழே பகல் ஒரு மணிக்கு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். சீலிங் அடிக்க வழியில்லை. பன்பாய் கட்டலாம் என்று தோன்றியது. பக்கத்து ஊரில் இன்னமும் பாய் இழைக்கும் ஒரு ராத்தாவிடம் போனோம். சதுப்பில் பன் வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயத்தில் அவித்து, ஒரு பாய் முடிய நாலைந்து நாள் ஆகிறது. சாயமில்லாமல் ஆறு பாய் வேண்டும், கூரைக்குக் கட்ட என்றதும் அவர் சிரித்துவிட்டார். “பாயில மனிசன் படுக்கிறதத்தான் கண்டிருக்கன் சேர், பாய் மனிசனுக்கு மேல படுக்கிறத இப்பதான் கேள்விப்படுறன்.” ஒன்று 1,500 ரூபாய் என்றார். நாலு நாள் வேலைக்கு அது கூலியே ஆகாது. நான் வாயைத் திறக்குமுன், பேரம் பேச வேண்டாமென்று மனைவி கண்ணால் காட்டினாள். அவளுடைய உம்மாவும் பாய் விற்றுத்தான் அவளைப் படிக்கவைத்தார்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைக்கவோ சுரண்டவோ கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. சிலாகைகளுக்குக் குறுக்கே மெல்லிய சட்டங்களை அறைந்து, அவற்றில் கொளுக்கி போட்டுப் பாயை மாட்டினோம். மின்குமிழையும் வயரையும் பாயிலிருந்து எட்டவைத்துக் கீழே இறக்கியாயிற்று. கொளுக்கி என்பதால் கழற்றி வெயிலில் போடலாம். போடாவிட்டால் பூச்சி அரிக்கும்.

ஜன்னல் சீலைக்கு மருதமுனைக்குப் போனோம். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து, மலிவான இறக்குமதித் துணி கடைகளை நிரப்பியதோடு அங்கே தறிகள் குறையத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து மிச்சமிருந்தவற்றிலும் பலவற்றைக் கொண்டுபோனது. அப்படியிருந்தும் தறிச் சத்தம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. நெய்து முடித்த சாறன் துணியில் கோடு பிசகிய துண்டுகளைக் குறைந்த விலைக்குத் தந்தார்கள். கோடு பிசகினால் உடுக்க முடியாது. ஜன்னலில் சுருக்கிட்டுத் தொங்கவிட்டால் யாருக்குத் தெரியும்? தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் போட்டுவைத்தாள், சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடட்டும் என்று. நீலமும் வெள்ளையுமான அந்தக் கட்டங்கள் காவிக்கு மேலே நன்றாகத்தான் அமைந்தன.

முன்வீட்டுக்கு அலுமினியம் வந்தபோது கழற்றிப் போட்ட முதிரை ஜன்னல்கள் நான்கு, வளவில் மழையில் கிடந்தன. மாமாவின் காலத்து மரம். “விறகு விலைக்கெண்டாலும் தாங்க சேர்” என்று ஓடாவி ஒருவர் இரண்டு தரம் வந்து கேட்டார். விறகு விலைக்கு முதிரை கேட்கிறவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. இரண்டு சோடிக் கதவுகளைப் படுக்கவைத்து, இடையில் பலகை கொடுத்துப் புத்தக அலுமாரி ஆக்கினேன். இருபது வருடமாகக் கட்டிலுக்கடியில் பெட்டிகளில் கிடந்த என் சஞ்சிகைகள் முதன்முறையாக முதுகு காட்டி நிற்கின்றன. மூன்றாவது சோடி குசினிக்குத் தட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் உடைந்த வாங்குகள் மலைபோலக் கிடக்கின்றனவே, இரண்டை எடுத்து வரலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அவை அரச உடைமை. மக்கி மண்ணானாலும் கிடக்கவேண்டிய இடத்தில்தான் கிடக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தோம். பாய் 9,000. சுண்ணாம்பும் காவியும் 2,500. துணி 3,600. ஆணி, கொளுக்கி, சட்டம் 1,100. மொத்தம் 16,200 ரூபாய். முன்வீட்டு மண்டபச் சீலிங்கின் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

ஊர் பேசத்தான் செய்தது. வாத்தியாருக்குக் கடன் கழுத்துக்கு வந்துவிட்டது, பாயைக் கூரைக்குக் கட்டியிருக்கிறார் என்று. கடன் பற்றிய பகுதி உண்மைதான், இன்னும் ஏழு வருடம் சம்பளத்தில் கழியும். ஆனால் பேசியவர்களில் இரண்டு பேர் பின்னர் வந்து, சுண்ணாம்பை எத்தனை மணித்தியாலம் ஊறவிட வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். இருவருக்கும் கல்யாண வயதில் பெண் பிள்ளைகள்.

மகளின் மாமியார் வந்தால் ரைல்ஸ் போட்ட மண்டபத்தில் சற்று நேரம் இருந்துவிட்டு, “பின்னுக்குப் போவமா, அங்க குளிரா இருக்கு” என்று எழும்புவார். மனைவி இப்போது யாரும் வருவதற்குள் பாயை உதறி விரித்து வைக்கிறாள். வந்தவர்கள் மண்சுவரைப் பார்த்து, இது யார் பூசியது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டாள். தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள்.

சென்ற நோன்புக்கு முன் இரண்டாம் வருடப் பூச்சு அடித்தோம். மருமகன் வந்து நின்று பார்த்துவிட்டு, “முன்வீட்டு மதிலுக்கும் இதையே அடிக்கலாமா மாமா?” என்று கேட்டார். அந்த மதிலுக்கு ஏற்கெனவே பெயின்ற் அடித்திருக்கிறது, அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் முடியும் என்றேன். கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இதுவரை கடப்படியிலிருந்து நாலடி சுரண்டியிருக்கிறார்.